ஜெலுபு மலைக்குப் புறப்படும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

ஜாசினிலிருந்து தோட்டத்துப் பையன்கள் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலை ஓட்டப் போகிறோம், வழி போட்டுத் தாருங்கள் என்று கேட்டிருந்தாய். உன் பட்டியலில் கேமரன் மலை முதலில் நிற்கிறது. அதை அடித்துவிடு. போக மட்டுமே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மலையடிவாரம் சேரும்போதே முதுகு ஒடிந்திருக்கும், அதற்குமேல் எந்த வளைவை ரசிப்பாய்?

நம் மாநிலத்தில் இதற்குத் தோதான சாலை கிடையாது. 1,276 மீட்டர் உயர லேடாங் மலையை ஆசாஹானிலிருந்து தினமும் பார்க்கிறோம். நடந்து ஏறலாம், மோட்டரில் வளைந்து ஏற நமக்கு அங்கே வழியில்லை. செம்பனைக் காட்டுக்குள் நேர்ச்சாலையில் ஓட்டிப் பழகிய கை நம்முடையது. வளைவுக்கு நெகிரி செம்பிலானுக்குத்தான் போகவேண்டும்.

நான் சொல்வது இந்த வழி. ஜாசினிலிருந்து தம்பின். அங்கிருந்து 9-ஆம் எண் சாலையில் கோலப்பிலா. பிறகு 51-ஆம் எண் சாலையில் புக்கிட் புத்துஸ் தாண்டிச் சிரம்பான். சிரம்பானில் 86-ஆம் எண் சாலையைப் பிடித்து, புக்கிட் தங்கா ஏறி ஜெலுபுவின் கோலா கிலாவாங். அப்படியே சிம்பாங் பெர்தாங் போய், மறுபடி 9-ஆம் எண் சாலையில் கோலப்பிலா, தம்பின், வீடு. மொத்தம் முந்நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். கப்சாய் என்னும் சின்ன மோட்டரில் ஒரு பகலுக்கு அதுவே தாராளம்.

காகிதத்தில் வரைந்து பார், வால் வைத்த வளையம் போல இருக்கும். வாலும் வளையமும் சேரும் முடிச்சு கோலப்பிலா, இரண்டு தடவை அதைக் கடக்கிறாய். யாருக்காவது கை வலித்தால், வண்டி மக்கர் செய்தால், முதல் தடவையிலேயே தம்பினுக்குத் திரும்பிவிடலாம். சிரம்பானில் மனசு மாறினாலும் கவலையில்லை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டருக்கு டோல் இல்லை, நேராக ஜாசினுக்கு வந்து இறங்கலாம். எங்கே விட்டுவிட்டு வரலாம் என்று தெரியாத பயணத்துக்கு நான் வழி போட்டுத் தரமாட்டேன்.

இங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது. ஆறரைக்குப் புறப்பட்டால் தம்பினில் பசியாறிவிட்டு வெளிச்சத்தோடு மலைப்பக்கம் திரும்பலாம். ரொட்டி சானாய் இரண்டோடு நிறுத்திக்கொள், வயிறு நிறைந்தால் வளைவில் கண் சொருகும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்தியானத்துக்குமேல் இடியோடு மழை அடிக்கும். அதனால் இரண்டு மலையையும் பன்னிரண்டரைக்குள் முடித்துவிட வேண்டும். பெர்தாங்கிலிருந்து திரும்பும் சாலை அவ்வளவு வளையாது, மழை பிடித்தாலும் சமாளிக்கலாம்.

இனி அழகைப் பற்றி. மோட்டரில் போகிறவனுக்கு மலையழகு ஓடும்போது கிடைக்காது. காட்டைப் பார்க்கிற கண் சாலையைப் பார்க்காது. எங்கே நிற்கப் போகிறோம் என்பதைப் புறப்படும் முன்பே எழுதி வைத்துக்கொள். கோலப்பிலாவைத் தாண்டியதும் ஸ்ரீ மெனாந்திக்குப் பிரியும் சாலை வரும். 1908-இல் கட்டி முடித்த பழைய மர அரண்மனை அங்கே இருக்கிறது. ஆணி அடிக்காமல் எழுப்பியது, 99 தூண்கள். உள்ளே விடாவிட்டாலும் வெளியே நின்று பார்க்கலாம். அடுத்த நிறுத்தம் உலு பெண்டுல், அங்சி மலையின் அடிவாரம். ஆற்றில் கால் நனைத்துக்கொள், அரைமணி போதும். மூன்றாவது கோலா கிலாவாங், மதியச் சாப்பாடு.

புக்கிட் புத்துஸில் இப்போது அகலமான புதுச்சாலை இருக்கிறது. உங்களுக்கு ஆசை பழைய வளைவுச் சாலை மேல்தான் இருக்கும், தெரியும். மண் சரிந்து அடைத்திருக்கிறதா என்று உலு பெண்டுலிலேயே விசாரித்துவிட்டு அதில் திரும்பு. 1875 டிசம்பரில் ஸ்ரீ மெனாந்தி அரசர் யாம்துவான் அந்தாவின் ஆட்கள் ஆங்கிலேயப் படையை மறிக்க இந்தக் கணவாயில்தான் மரத்தடுப்பு கட்டினார்கள். கூர்க்காக்களோடு போய் அதைப் பிடித்த கேப்டன் சான்னருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. மறித்தவர்கள் விவரமானவர்கள். முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்த மறைவில் உனக்காக நிற்பது லாரி, குரங்கு, ஈர இலை.

ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறை, கியரையும் அங்கேயே இறக்கு. உள்ளே போனபிறகு பிரேக்கைத் தேடாதே. கண் வளைவின் முடிவைப் பார்க்கட்டும், வண்டி கண் போன பக்கம் வரும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். வலது வளைவில் நடுக்கோட்டை ஒட்டிச் சாய்ந்தால், சக்கரம் உன் பக்கத்தில் இருக்கும், தலை எதிர்ப்பக்கத்தில் இருக்கும். எதிரே வரும் லாரிக்காரனுக்கு அது தெரியாது. இரட்டைக் கோட்டில் முந்துவதைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றே நம்புகிறேன்.

புக்கிட் தங்கா இறக்கத்தில் பழைய இஎக்ஸ்5 வைத்திருக்கும் பையனைக் கவனி. இரண்டு பக்கமும் டிரம் பிரேக். அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். மூன்றாம் கியரோ இரண்டாம் கியரோ போட்டு எஞ்சின் பிடிக்க இறங்கச் சொல். கான்வாயில் அவன்தான் இரண்டாவது வரவேண்டும். அவன் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். நன்றாக ஓட்டுகிறவன் கடைசியில் வரட்டும். நம் பையன்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: வொய்15 வைத்திருப்பவன் முன்னால் பறப்பான், பின்னால் வருகிறவன் விடக்கூடாதென்று தன்னால் முடியாத வளைவில் விழுவான். இந்த நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டரில் போகிறவர்கள். ரெம்பிட் என்று பேர் வாங்கிய சாலைப் பந்தயக்காரர்கள் மட்டும் அல்ல, வேலைக்குப் போய்த் திரும்பியவர்களும்தான்.

உலு லங்காட் பக்கம் போகும் கெந்திங் பெரஸை இந்த முறை சேர்க்காதே. ஞாயிற்றுக்கிழமை பெரிய பைக்குகள் கூட்டமாக வரும் சாலை அது. பிறகு பார்க்கலாம்.

ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்வது தம்பின் வரைக்கும் சரி. மலையில் ஒழுங்காகப் போட்டு ஜிப்பை இழு. விழுந்தால் தோளும் தரையைத் தேடும். செயினையும் டயர் காற்றையும் சனிக்கிழமை சாயந்திரமே பார்த்துவிடு, ஞாயிறு காலையில் பட்டறை திறந்திருக்காது. கப்சாய் டேங்க் சின்னது, சிரம்பானை விட்டுக் கிளம்பும் முன் எல்லோரும் நிரப்பிக்கொள்ளுங்கள், பாதி இருக்கிறது என்று ஒருவன் சொன்னாலும் சரி.

அம்மாவிடம் "சும்மா தம்பின் வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகாதே. ஊர்ப்பேர்களை வரிசையாக எழுதிக் கொடு. கோலா கிலாவாங்கில் சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு போன் போடு. மலைக்குள் சில இடங்களில் லைன் கிடைக்காது என்பதையும் முன்னாலேயே சொல்லிவை. இல்லாவிட்டால் பதினொரு மணிக்கே எனக்குத்தான் போன் வரும்.

அன்புடன்,
அண்ணன்