நெரவியிலிருந்து காந்த மலைக்கு: ரசமட்டத்தோடு போங்கள்

காரைக்கால் நெரவிப் பக்கம் ஏற்றம் என்றால் அரசலாற்றுப் பாலமும் வாய்க்கால் கரைகளும்தான். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறதோ அதுதான் பள்ளம். வேறு கணக்கு நமக்கு வேண்டியதில்லை. இப்படி மட்டம் பார்த்துப் பழகிய கண்ணையும் ஏமாற்றிவிடும் ஒரு சாலை லடாக்கில் இருக்கிறது. லேயிலிருந்து ஸ்ரீநகர் போகும் தேசிய நெடுஞ்சாலையில், ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் உள்ள காந்த மலைச் சாலை அது. வண்டியை நியூட்ரலில் விட்டால் மேட்டில் தானாக ஏறுவதுபோல் தெரியும்.

மே கடைசி முதல் செப்டம்பர் வரை போக ஏற்ற காலம். காரைக்காலில் சென்னைக்கு இரவு ரயில் ஏறி, அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து லே என்று விமானம் பிடிக்க வேண்டும். லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் என்பதால் டெல்லியில் ஒரு இரவு தங்க நேரும். வெளிமாநிலப் பிரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. கூட வருபவர்களில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும்.

உடம்பை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். கடலோரத்தில் வாழ்ந்தவர்கள் ஒரே காலையில் 3,500 மீட்டர் உயரத்தில் போய் இறங்குகிறோம். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருப்பவர்கள் டிக்கெட் போடும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். லேயில் முதல் இரண்டு நாள் ஓய்வு. நிறையத் தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம், மாடிப்படியைக்கூட மெதுவாக ஏறுங்கள். லேசான தலைவலி பலருக்கும் வரும். மூச்சுத்திணறலோ நடையில் தள்ளாட்டமோ வந்தால் பொறுத்துப் பார்க்காமல் லேயின் சோனம் நோர்பூ நினைவு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் டாக்சி எடுங்கள். எந்த இடத்துக்கு எவ்வளவு என்று அங்குள்ள டாக்சி சங்கமே கட்டணம் வைத்திருக்கிறது. காந்த மலைக்கு மட்டும் பேசாமல், ஆல்ச்சி விகாரை வரை போய்த் திரும்புவதாகப் பேசுங்கள். வழியில் இருப்பவற்றை விட்டுவிட்டுத் திரும்பினால் மனசு கேட்காது. பையில் மூன்று பொருள் இருக்கட்டும்: கொத்தனாரின் சிறிய ரசமட்டம், ஒரு ரப்பர் பந்து, ஒரு பாட்டில் தண்ணீர்.

காந்த மலை அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில், வண்டியை நிறுத்தச் சாலையில் கட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே நியூட்ரலில் விடுங்கள். இஞ்சினை மட்டும் அணைக்காதீர்கள், அணைத்தால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். ராணுவ லாரிகள் வரிசையாக வரும் நெடுஞ்சாலை இது. ஒருவர் இறங்கி ஓரமாக நின்று இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்ல வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி நகரும், மெல்ல வேகமும் பிடிக்கும்.

வண்டியை ஓரங்கட்டி, சாலை காலியாக இருக்கும்போது பந்தை வையுங்கள். அதுவும் அதே பக்கம் உருளும். காந்தம் ரப்பரை இழுக்காது. பாட்டிலைச் சாய்த்தால் தார் மேல் விழும் தண்ணீரும் கார் போன பக்கமே இழை பிரிந்து ஓடும். கடைசியாக ரசமட்டத்தைச் சாலையில் படுக்க வையுங்கள். குமிழி எப்போதும் மேட்டுப் பக்கம்தான் ஒதுங்கும். இங்கே அது கார் போனதற்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கும். அதாவது ஏற்றமாகத் தெரிந்தது இறக்கம்.

ஏன் இப்படி? சுற்றியுள்ள மலைச்சரிவுகள் தொடுவானத்தை மறைத்துவிடுகின்றன. மட்டம் எது என்று காட்டும் கோடு இல்லாததால், கண் அந்தச் சரிவுகளையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. இத்தாலியின் பதோவா பல்கலைக்கழக உளவியலாளர் பாவோலா பிரெசானும் அவரோடு சேர்ந்தவர்களும் மேசை மேல் மாதிரிச் சாலைகள் செய்து, இதே மயக்கத்தை அறைக்குள்ளேயே உண்டாக்கினார்கள். ஆய்வு 2003இல் வெளிவந்தது. லேசான இறக்கம் அதைவிடச் செங்குத்தான இறக்கத்தோடு சேர்ந்து வந்தால் ஏற்றமாகத் தோன்றும் என்பது அவர்கள் கண்டது. ஸ்காட்லாந்தின் எலெக்ட்ரிக் பிரே, கனடாவின் மாங்டன் காந்த மலை எல்லாம் இதே வகைதான். காரணம் தெரிந்த பிறகும் கண் மசிவதில்லை. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் ரசமட்டத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

காந்த மலைக்குச் சற்று முன்னால் பத்தர் சாகிப் குருத்வாரா. குருநானக் மேல் அரக்கன் உருட்டிவிட்ட பாறை மெழுகாக இளகி அவர் உருவை ஏற்றது என்பது ஐதீகம். ராணுவத்தினர் பராமரிக்கிறார்கள். தலையை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். மலையைத் தாண்டினால் நிம்மு சங்கமம். சிந்துவும் ஜான்ஸ்கரும் சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டு நிறமாகவே ஓடும்.

அடுத்தது பாஸ்கோ. மண்கோட்டை இடிபாடுகளுக்கு நடுவே மைத்ரேயர் கோயில்கள் நிற்கின்றன. ஊரார் பங்கோடு நடந்த சீரமைப்புக்கு 2007இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருது கிடைத்தது. படிகள் செங்குத்து, நின்று நின்று ஏறுங்கள்.

நேரத்தை ஆல்ச்சிக்கு மிச்சம் பிடியுங்கள். 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இந்த விகாரையில் காஷ்மீரக் கலைஞர் கைவண்ணம் சுவர் முழுக்க இருக்கிறது. நமக்குப் பக்கத்து நாகப்பட்டினத்தில், ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரையும் கிட்டத்தட்ட அந்தக் காலத்ததே. அது இன்று இல்லை. ஆல்ச்சியின் மூன்றடுக்கு சும்ட்செக் கோயிலில், மூன்று பெரும் போதிசத்துவர் சிலைகளின் ஆடைமேல் தீட்டிய நுண்ணிய ஓவியங்களைப் பாருங்கள். உள்ளே வெளிச்சம் குறைவு, கண் பழகக் கொஞ்சம் நில்லுங்கள். படம் எடுக்க அனுமதி இல்லை.