சொடுக்கினால் திறந்துகொள்ளும் கோப்பு

கயிறு வியாபாரக் கணக்குக் கோப்புகளின் பெயரை மாற்றலாம் என்று மவுஸைச் சொடுக்கினால், கோப்பு திறந்துகொள்கிறது. மவுஸ் போய்விட்டதா? – வாசகர், சிங்கம்புணரி

விண்டோஸில், தேர்ந்தெடுத்த கோப்பின் பெயர்மீது சற்று இடைவெளிவிட்டுச் சொடுக்கினால் பெயர்ப்பெட்டி வரும்; அரை விநாடிக்குள், அதாவது இயல்பு அமைப்பான 500 மில்லி விநாடிக்குள், இருமுறை சொடுக்கினால் கோப்பே திறக்கும் என்பதால், பெரும்பாலும் குற்றம் விரலின் அவசரத்தினுடையதே. மவுஸ் அமைப்புகளில் இரட்டைச் சொடுக்கின் வேகத்தைச் சோதிக்க ஒரு கோப்புறைப் படம் உண்டு; அது ஒரே அழுத்தலில் திறந்துகொண்டால், பொத்தானுக்கு அடியில் மின்தொடர்பை ஏற்படுத்தும் சிறு சுவிட்ச் தேய்ந்து, ஓர் அழுத்தலை இரண்டாக அனுப்புகிறது என்று பொருள்; அத்தகைய மவுஸுக்கு ஓய்வு கொடுப்பதே சிக்கனம். புதியது வரும்வரை, அம்புக்குறி விசைகளால் கோப்பைத் தேர்ந்து எஃப்2 விசையை அழுத்தினால், மவுஸின் தயவின்றியே பெயர்ப்பெட்டி வந்துவிடும்.