சிந்தும் ஒளியைத் தேடி

கதிரவன் ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதை இன்று சிறு குழந்தையும் அறியும். மொட்டை மாடிகளில் நீல நிற சோலார் பேனல்கள் வெயில் காய்வதை நாம் அன்றாடம் காண்கிறோம். ஆனால் அவற்றின் மேல் விழும் ஒளியில் எவ்வளவு மின்சாரமாக மாறுகிறது என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான்! அப்படியானால் மற்ற நான்கு பங்கு எங்கே போகிறது? பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் இக்கேள்வியை எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டோம். "தேடிப் படித்து நீங்களே எழுதுங்கள்" என்று கூறிவிட்டார். அதன் விளைவே இக்கட்டுரை.

ஒளியிலிருந்து மின்னோட்டம் பிறப்பதை 1839இல் முதன்முதலில் கண்டவர் எட்மண்ட் பெக்கரல் என்னும் பிரெஞ்சு இளைஞர். அப்போது அவருக்கு வயது 19. நம்மைவிட நான்கே வயது மூத்தவர்! 1883இல் அமெரிக்கரான சார்லஸ் ஃபிரிட்ஸ் செலினியத்தின் மேல் மெல்லிய தங்கப் பூச்சிட்டு ஒரு மின்கலம் செய்தார். விழுந்த ஒளியில் சுமார் ஒரு சதவிகிதமே மின்சாரமாயிற்று. அதன்பின் எழுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கனால் ஆன சூரிய மின்கலத்தை அறிமுகப்படுத்தினர். அதைக் கொண்டு ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுழற்றிக் காட்டினர். அதன் திறன் 6 சதவிகிதம். நான்கு ஆண்டுகளில் அது விண்வெளிக்கே சென்றுவிட்டது. 1958இல் ஏவப்பட்ட வான்கார்டு 1 செயற்கைக்கோளில் பாட்டரியால் இயங்கிய வானொலிக் கருவி சில மாதங்களில் ஓய்ந்தது. வெயிலால் இயங்கியதோ 1964 வரை பேசிக்கொண்டிருந்தது.

இனி, ஒளி எங்கே வீணாகிறது என்று பார்ப்போம்.

ஒரு பஸ் கண்டக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் 1 ரூபாய் 10 காசு. அதற்குக் குறைவாகக் கொடுப்பவரை அவர் ஏற்றுவதில்லை. மூன்று ரூபாய் கொடுத்தாலோ மீதிச் சில்லறை தருவதில்லை! சிலிக்கனும் இப்படித்தான். அதிலுள்ள எலக்ட்ரானை விடுவிக்கச் சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அதற்குக் குறைந்த ஆற்றலுடைய அகச்சிவப்புக் கதிர் பயன்படாமல் ஊடுருவிப் போய்விடும். ஊதா ஒளியிடம் ஏறத்தாழ மூன்று எலக்ட்ரான் வோல்ட் உண்டு, 1.1 போக மீதியெல்லாம் வெறும் வெப்பம். இந்த நட்டத்தை எந்தக் கெட்டிக்காரராலும் தவிர்க்க முடியாது. ஷாக்லி, குவைசர் என்னும் இருவர் 1961இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினர். சாதாரண வெயிலில் சிலிக்கன் மின்கலத்தின் உச்ச வரம்பு சுமார் 29 சதவிகிதம் என்று இன்று கொள்கிறார்கள். ஆகவே பேனல் ஐந்தில் ஒரு பங்கு தருகிறதே என்று அதைக் குறை கூறுவது நியாயமல்ல என்பது எங்கள் கருத்து.

தவிர்க்கக்கூடிய நட்டங்களும் உண்டு. சுவையான கதை அங்கேதான் இருக்கிறது. பளபளப்பான சிலிக்கன் தகடு தன்மேல் விழும் ஒளியில் 30 சதவிகிதத்துக்கு மேல் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே தகட்டை ரசாயனத்தில் தோய்த்து, கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பிரமிடுகளை அதன் மேல் உண்டாக்குகிறார்கள். ஒரு சரிவில் பட்டுத் தெறிக்கும் ஒளி அடுத்த சரிவில் போய் மாட்டிக்கொள்ளும். அதன்மேல் சிலிக்கன் நைட்ரைடு பூச்சு ஒன்று. பேனலின் நீல நிறம் அதனால்தான் வருகிறது. அழகுக்காகப் பூசிய சாயம் அல்ல.

முன்பக்கம் இவ்வாறு சீரானது. பின்பக்கமோ ஓட்டைப் பானையாகவே இருந்தது. அங்கே தகடு முழுவதும் அலுமினியம் ஒட்டியிருக்கும். விடுபட்ட எலக்ட்ரான்கள் பல அந்த எல்லையில் சிக்கி வீணாயின. அதுவரை வந்த ஒளியும் உலோகத்தில் புகுந்து வெப்பமாயிற்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டனர். சிலிக்கனுக்கும் உலோகத்துக்கும் இடையே மின்சாரம் கடத்தாத மெல்லிய படலம் ஒன்றை வைத்தனர். அதில் சிறு துளைகளிட்டு அவற்றின் வழியே மட்டும் உலோகம் தொடச் செய்தனர். படலம் எலக்ட்ரான்களைக் காத்தது. தப்பிய ஒளியையும் மீண்டும் உள்ளே திருப்பியது. 1989இல் 22.8 சதவிகிதம் கிடைத்தது! 'பெர்க்' எனப்படும் இம்முறை தொழிற்சாலைகளில் பரவ இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 2010களின் இறுதியில் உலகில் புதிதாகச் செய்யப்பட்ட பேனல்களில் பெரும்பாலானவை இம்முறையில் அமைந்தவையே. 2023இல் இதற்காகப் பொறியியலுக்கான எலிசபெத் அரசி பரிசு நால்வருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது: மார்ட்டின் கிரீன், ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ், ஜியன்ஹுவா ஜாவோ, ஐஹுவா வாங். கடைசியாகச் சொன்னவர் ஒரு பெண்மணி என்று அறிந்தபோது எங்கள் வகுப்பே கைதட்டியது.

ஓரிரண்டு சதவிகிதத்துக்கா இத்தனை பாடு என்று தோன்றலாம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் ஆற்றல் விழுகிறது. பத்துச் சதுர மீட்டர் கூரையில் 1954ஆம் ஆண்டு மின்கலங்களைப் பரப்பினால் 600 வாட். 22 சதவிகிதப் பேனல்கள் என்றால் 2200 வாட். சிறிய வீட்டுக்காரருக்குக் கூரை வளராதே!

வெயில் அதிகமான நம் ஊரில் பேனல் கூடுதலாக உழைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒளி அதிகம் என்பது மெய். ஆனால் வெப்பம் அதற்குப் பகை. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சாதாரண சிலிக்கன் மின்கலம் சுமார் 0.4 சதவிகிதம் இளைக்கிறது. நடுப்பகலில் அது 60 டிகிரியாகச் சூடேறினால், 200 வாட் தர வேண்டியது 172 வாட்தான் தரும். ஆய்வுக்கூடத்துச் சிறு பேனலை நாங்கள் முற்றத்து வெயிலில் வைத்து மல்டிமீட்டரை இணைத்தோம். நேரம் ஆக ஆக முள் மெல்ல இறங்கியது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றியதும் மீண்டும் ஏறியது!

29 சதவிகித வரம்பைத் தாண்டவும் ஒரு வழி பிறந்திருக்கிறது. பஸ்ஸில் இரண்டு கண்டக்டர்கள் இருந்தால்? அதிகம் கொடுப்பவரிடம் முதலாமவர் கூடுதல் கட்டணம் வாங்குவார். குறைவாகக் கொடுப்பவரை சிலிக்கனிடம் அனுப்பிவிடுவார். முதல் கண்டக்டர் வேலைக்கு வந்திருப்பது பெராவ்ஸ்கைட் என்னும் பொருள். 2009இல் ஜப்பானில் மியாசாகா குழுவினர் அதைக் கொண்டு செய்த மின்கலத்தின் திறன் 3.8 சதவிகிதமே. 2024இல் சிலிக்கனின் மேல் பெராவ்ஸ்கைட்டை அடுக்கிச் செய்த சிறு மின்கலம் ஒன்றில் சீனாவின் லோஞ்சி நிறுவனம் 34.6 சதவிகிதம் எட்டியது. ஆயினும் பெராவ்ஸ்கைட்டுக்கு ஈரமும் ஆகாது, வெப்பமும் ஆகாது. சிலிக்கன் பேனல்களோ 25 ஆண்டுகள் உழைக்கின்றன. ஆகவே புதிய பேனல்களைக் கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து ஓரங்களை அடைத்து, 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவிகித ஈரப்பதத்திலும் ஆயிரம் மணி நேரம் புழுங்க விட்டுச் சோதிக்கிறார்கள். ஆயிரம் மணி என்றால் ஏறத்தாழ 42 நாள்.