எலும்பும் உயிருள்ளதே!

எலும்பு என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது ஆய்வுக்கூடத்து மூலையில் தொங்கும் எலும்புக்கூடுதான். காய்ந்து வெளுத்த அதனைக் கண்டு பழகியதால், நம் உடலுக்குள் இருப்பதையும் உயிரற்ற தூண் என்றே எண்ணிவிடுகிறோம். இது தவறு. எலும்பினுள் இரத்தம் ஓடுகிறது. அது நாள்தோறும் அழிந்து, நாள்தோறும் புதிதாகிறது.

எலும்பின் அமைப்பு யாது? கொலாஜன் என்னும் புரத இழைகளின்மீது கால்சியமும் பாஸ்பரஸும் கலந்த உப்புப் படிகங்கள் படிந்துள்ளன. படிகம் கடினத்தைத் தருகிறது. இழையோ எளிதில் நொறுங்காமல் காக்கிறது. கோழி எலும்பு ஒன்றை வினிகரில் சில நாள் ஊறவைத்துப் பாருங்கள். உப்பு கரைந்து, எலும்பு ரப்பர்போல வளையும்.

இவ்வெலும்பில் இருவகை உயிரணுக்கள் ஓயாது உழைக்கின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் பழைய எலும்பைக் கரைக்கிறது. ஆஸ்டியோபிளாஸ்ட் அவ்விடத்தில் புதியதைக் கட்டுகிறது. வயது வந்தோருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 விழுக்காடு எலும்பு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. நுண்ணிய விரிசல்கள் சீராவதும் இதனால்தான்.

இதற்கு மற்றொரு பயனும் உண்டு. உடலிலுள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. எஞ்சிய சிறு பங்கு இன்றி இதயம் துடிக்காது, தசை இயங்காது. இரத்தத்தில் அது குறைந்தால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் செய்கின்றன. ஆகவே எலும்பு ஒரு வங்கி எனலாம். உணவில் குறை வைத்தால் இதயம் நிற்பதில்லை, எலும்பு தேய்கிறது. வலியோ எச்சரிக்கையோ இல்லை.

இவ்வங்கியில் வரவு மிகுவது ஏறத்தாழ முப்பது வயது வரைதான். பின்னர் மெல்ல மெல்லச் செலவே மிகும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், பெண்களுக்கு இழப்பு விரைவாகிறது. வழுக்கி விழுந்த பாட்டியின் இடுப்பெலும்பு முறிவது, வழுக்கலால் மட்டும் அன்று.

சேமிக்க வழி என்ன? முதலாவது, உணவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் பரிந்துரைத்தது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ 240. விடுதித் தேநீரிலுள்ள பால் போதாது!

இரண்டாவது, வெயில். வைட்டமின் டி இன்றிக் கால்சியம் குடலில் நன்கு சேராது. அதனை உண்டாக்கும் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். வெளியே வரத்தான் வேண்டும்.

மூன்றாவது, உழைப்பு. சுமை விழும் இடத்தில் எலும்பு வலுப்பெறும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வுல்ஃப் 1892-இல் விளக்கினார். எடையற்ற விண்வெளியில் தங்குவோர், நன்கு உண்டும், இடுப்பெலும்பில் மாதம் 1 விழுக்காட்டுக்கு மேல் இழப்பதுண்டு. நாற்காலியை விட்டு எழாத மாணவனுக்கும் இதில் பாடம் உண்டு.

நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் இன்னும் முப்பதைத் தொடவில்லை. வரவு வைக்கும் காலம் இதுவே. இன்று மாலை நூலகத்திலிருந்து விடுதிக்கு நடந்தே செல்வோமா?