பழைய காரில் சப்தமும் உஷ்ணமும்: தடுப்புப் பொருள்களைத் தெரிந்தெடுத்தல்

மலைகள் சூழ்ந்த கார்வேட்டிநகரம் ஒரு காலத்தில் ஜமீன்தாரியின் தலைநகராக விளங்கியது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அச்சித்தூர்ச் சீமையில், சித்திரை வைகாசி மாதங்களில் நிழலிலேயே உஷ்ணம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. அக்காலத்தில் பழைய அம்பாசிடர் காரில் புத்தூர்ச் சாலை வழியே அவ்வூருக்குச் செல்பவர் இரண்டு துன்பங்களை ஒருங்கே அனுபவிப்பார். தலைக்கு மேல் கூரைத் தகடு காயும். காலடியில் எஞ்சினும் கியர் பெட்டியும் இரையும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது மூன்றாவது துன்பம் ஒன்று சேரும். கண்ணாடி ஓரத்து ரப்பர் வழியாகக் கசியும் நீர் விரிப்பின் கீழ்த் தங்கித் தரைத் தகட்டை அரிக்கும்.

முதலிரண்டு துன்பங்களையும் நீக்க முயல்வோர் பலர் மூன்றாவதை மறந்துவிடுகின்றனர். சப்தத்தையும் உஷ்ணத்தையும் தடுக்கும் பொருள் நீரைத் தேக்கி வைக்குமாயின், அது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும். தடுப்புப் பொருளைத் தெரிந்தெடுப்பதில் தலையாய விதி இதுவே.

அம்பாசிடர் காரின் அமைப்பு

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, வங்காளத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1957 முதல் 2014 வரை அம்பாசிடரை உற்பத்தி செய்தது. இதில் எஞ்சின் முன்னே இருக்க, பின் சக்கரங்கள் வண்டியை உந்துகின்றன. ஆகவே கியர் பெட்டியும் சுழல்தண்டும் இருக்கைகளின் நடுவே கீழாகவும், புகைக்குழாய் தரைக்கு அடியிலும் செல்கின்றன. தனியான சட்டம் இன்றி உடற்கூடே பாரம் தாங்குவதால், தரைத் தகடு துருப்பிடித்தால் வண்டியின் வலிமையே குன்றும். பழைய காரின் தரையைக் காப்பது அழகுக்காக மட்டும் அன்று என்பது இதனால் விளங்கும்.

சப்தம் வரும் வழிகள்

சப்தம் மூன்று வழிகளில் உள்ளே நுழைகிறது. துவாரங்கள் வழியே காற்றில் நேராக வருவது ஒன்று. எஞ்சினும் சாலையும் தரும் அதிர்ச்சியால் மெல்லிய தகடு தானே பறைபோல் அதிர்ந்து எழுப்புவது இரண்டாவது. தகட்டை ஊடுருவி வருவது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு.

முதலாவதாக, துவாரங்களை அடைக்க வேண்டும். ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், மீதிப் பகுதி எவ்வளவு கனமானதாயினும், சப்தத்தை ஏறக்குறைய 20 டெசிபலுக்கு மேல் குறைக்க இயலாது. கம்பிகளும் மிதிகட்டைகளும் நுழையும் ஓட்டைகளுக்கு ரப்பர் வளையங்களும், கதவுகளுக்குப் புது பீடிங்கும் இடுவதே மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தரும் வேலை. எஞ்சின் அறையினின்று நச்சுவாயுவான கார்பன் மோனாக்ஸைடு உள்ளே புகுவதையும் இது தடுக்கும். புகைக்குழாய்க் கசிவை முதலில் பழுதுபார்த்த பின்னரே பிற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது வகைக்கு அதிர்ச்சி அடக்கும் தகடு தேவை. தார்ச்சத்து அல்லது பியூட்டைல் ரப்பரால் ஆன ஒட்டுத்தகடு, இரும்பின் அதிர்ச்சியைத் தன் உள் உராய்வால் வெப்பமாக மாற்றிவிடுகிறது. மேலே அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் வகை இதில் சிறந்தது. தரை முழுவதையும் இதனால் மூடுவது வீண் செலவு. ஒவ்வொரு தகட்டிலும் மிகுதியாக அதிரும் நடுப்பகுதியில், பரப்பின் கால் அல்லது மூன்றில் ஒரு பங்கை மூடினால் போதும். 2 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ளது என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்றாவது வகைக்குக் கனமே மருந்து. தடுப்பின் எடையை இரட்டித்தால் ஊடுருவும் சப்தம் சுமார் 6 டெசிபல் குறையும். கனமான ரப்பர் விரிப்பைத் தகட்டின்மேல் நேராகப் போடாமல், இடையில் மென்மையான நுரைத்தகடு ஒன்றைப் பரப்பினால் பலன் கூடும்.

பஞ்சு போன்ற பொருள் எல்லாச் சப்தத்தையும் உறிஞ்சிவிடும் என்பது தவறான எண்ணம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழலும்போது, விநாடிக்கு 50 சுற்றுகளும் சுற்றுக்கு 2 வெடிப்புகளுமாக, விநாடிக்கு 100 வெடிப்புகள் நிகழ்கின்றன. காற்றில் சப்தத்தின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் எனக் கொண்டால், இந்த முழக்கத்தின் அலைநீளம் 3.4 மீட்டர். அலைநீளத்தின் கால் பங்கு அளவு கனம் இருந்தாலன்றி உறிஞ்சும் பொருள் நன்கு வேலை செய்யாது. காருக்குள் 85 சென்டிமீட்டர் கனத்தில் பஞ்சு வைப்பது யார்க்கும் இயலாது. விநாடிக்கு 2000 அதிர்வுள்ள கீச்சொலிக்கோ இதே கணக்கின்படி 4 சென்டிமீட்டர் போதும். எனவே ஃபெல்ட் கீச்சொலியைத் தணிக்கும். எஞ்சினின் முழக்கத்தைத் தணிக்காது.

உஷ்ணம் வரும் வழிகள்

நடுப்பகல் வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் சக்தியைப் பொழிகிறது. கறுப்புக் கூரை இதில் பத்தில் ஒன்பது பங்கைக் கிரகிக்கும். வெள்ளைக் கூரை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கிரகிக்கும். ஆதலால் வெள்ளைச் சாயமே முதல் உஷ்ணத் தடுப்பு எனலாம்.

பொருள்களின் உஷ்ணம் கடத்தும் தன்மை, மீட்டர்-கெல்வினுக்கு வாட் கணக்கில், ஏறத்தாழப் பின்வருமாறு:

அசையாத காற்று: 0.025
உலர்ந்த ஃபெல்ட், கண்ணாடிப் பஞ்சு, நுரைத்தகடு: 0.035 முதல் 0.04
தார்த்தகடு: 0.17
நீர்: 0.6
இரும்பு: 50

இப்பட்டியல் இரண்டு உண்மைகளைப் புலப்படுத்துகிறது. உஷ்ணத்தைத் தடுப்பது உண்மையில் பொருளுக்குள் சிறைப்பட்ட காற்றே. அக்காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் தடுக்கும் ஆற்றல் போய்விடும். மேலும், 2 மில்லிமீட்டர் தார்த்தகடு 10 மில்லிமீட்டர் ஃபெல்ட் தடுப்பதில் இருபதில் ஒரு பங்கே உஷ்ணத்தைத் தடுக்கும். அது அதிர்ச்சிக்கு மருந்தேயன்றி வெயிலுக்கு மருந்து அன்று.

பளபளக்கும் அலுமினியத் தாளைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. 70 டிகிரியில் காய்ந்த கூரை, 35 டிகிரியில் உள்ள உட்புறத்தை நோக்கிச் சதுர மீட்டருக்குச் சுமார் 270 வாட் வரை கதிர்வீச்சாக அனுப்பக்கூடும். தூய அலுமினியப் பரப்பு இதை இருபதில் ஒரு பங்காகக் குறைக்கும். ஆனால் தாளின் ஒரு பக்கமேனும் காற்று இடைவெளியை நோக்கியிருக்க வேண்டும். இருபுறமும் தகடும் விரிப்பும் அழுத்திய தாளால் கதிர்வீச்சைத் தடுக்க இயலாது. கூரைத் தகட்டிற்கும் உட்துணிக்கும் இடையே வெற்றிடம் இருப்பதால், தாள் ஒட்டிய நுரைத்தகட்டை அங்கே, பளபளப்பான பக்கம் கீழ்நோக்க வைப்பதே பொருத்தம்.

வெயிலில் நெடுநேரம் மூடி நிறுத்திய காரை எந்தத் தடுப்பும் குளிர வைக்காது. கண்ணாடி வழியே வரும் வெயிலுக்கு நிழலும் காற்றோட்டமுமே பரிகாரம்.

பொருள்களின் குணதோஷம்

சணல் ஃபெல்ட்டும் தென்னைநார் விரிப்பும் நம் நாட்டில் எளிதிற் கிடைப்பவை; விலையும் குறைவு. கழற்றி உலர்த்த இயலும் இடங்களில் இவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவையாதலால் தரைத் தகட்டோடு ஒட்டிவிடலாகாது.

அறைகள் மூடிய நுரைத்தகடு நீரை உறிஞ்சாது. தரைக்கு இதுவே ஏற்றது. எனினும் தீப்பற்றும் தன்மையை அறியாமல் வாங்கலாகாது. வாகன உட்புறப் பொருள்கள் எரியும் தன்மைக்கு இந்தியத் தரநிலை 15061 வரம்பு கூறுகிறது. அதற்கு இணங்கிய சரக்கையே கேட்டு வாங்க வேண்டும். தெர்மோகோல் இதற்குச் சிறிதும் உதவாது.

வீட்டு மொட்டை மாடிக் கசிவுக்கு விற்கப்படும் தார் நாடா மலிவாயினும், கோடையில் இளகி நாறும்; கூரையிலிருந்து கழன்றும் விழும். புகைக்குழாய்க்கு மேலுள்ள பகுதியில் தார் வகை எதையும் ஒட்டலாகாது.

பழைய வண்டிகளின் பிரேக், கிளட்ச் பட்டைகளிலும் சில வெப்பத் தடுப்பு அட்டைகளிலும் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. அத்தகைய அட்டையைச் சுரண்டவோ உலர்ந்த நிலையில் துடைக்கவோ கூடாது.

வேலையின் ஒழுங்கு

விரிப்பை அகற்றித் துருவைச் சுரண்டி, ஓட்டைகளை டிங்கர் பட்டறையில் அடைத்து, பிரைமரும் பெயின்டும் பூசி நன்கு உலரவிட வேண்டும். கண்ணாடி ரப்பரின் கசிவை நீர் ஊற்றிச் சோதித்து நிறுத்த வேண்டும். பின்னர் அதிர்ச்சி அடக்கும் தகடு, அதன்மேல் நுரைத்தகடு, அதன்மேல் கனமான விரிப்பு என்ற வரிசையில் அமைக்கலாம். மேல் இரண்டையும் ஒட்டாமல் விட்டால் ஆண்டுக்கொரு முறை எடுத்துப் பார்க்க வசதியாகும். கதவின் அடியிலுள்ள நீர்வடி துவாரங்களை ஒருபோதும் மூடலாகாது.

2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டுகளைக் கடந்த கார் தொன்மை வாகனமாகப் பதிவுபெற வேண்டுமாயின் அதன் உடற்கூடும் எஞ்சினும் பெரிதும் மாற்றப்படாதிருத்தல் வேண்டும். ஆகையால் தகட்டை வெட்டாமலும் துளையிடாமலும் வேலை செய்வது உத்தமம்.

வகுப்பறைச் சோதனைகள்

ஒரே அளவுள்ள நான்கு மூடித் தகரடப்பாக்களில் சம அளவு வெந்நீர் ஊற்றுக. ஒன்றை வெறுமையாகவும், ஒன்றை உலர்ந்த சணல் ஃபெல்ட்டாலும், ஒன்றை நனைத்த ஃபெல்ட்டாலும், ஒன்றை அதே கனமுள்ள நுரைத்தகட்டாலும் சுற்றுக. நீர் ஆவியாவதால் முடிவு மாறாதிருக்க, நான்கையும் பிளாஸ்டிக் தாளால் மூடுக. 5 நிமிடத்திற்கொரு முறை உஷ்ணத்தைக் குறித்து வரைபடம் வரைந்தால், நனைந்த ஃபெல்ட் தன் காக்கும் ஆற்றலை இழந்தது மாணவருக்குத் தெளிவாகும்.

அடுத்து, ஓர் எவர்சில்வர் தட்டை நூலில் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டுக. அது கணீரென்று ஒலிக்கும். அதன் நடுவில் உள்ளங்கையளவு பியூட்டைல் தகடு ஒட்டி மீண்டும் தட்டினால் மொத்தென்று அடங்கும். தட்டு முழுவதையும் மூடி மூன்றாம் முறை தட்டி, கூடுதல் பலன் எவ்வளவு சிறிது என்பதையும் காட்டலாம்.

இறுதியாக, ஊழியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தேய்ந்த பேரிங்கும் தளர்ந்த இணைப்பும் தம் பழுதைச் சப்தத்தாலேயே தெரிவிக்கின்றன. அப்பழுதைத் தீர்க்காமல் சப்தத்தை மட்டும் மூடுவது, காய்ச்சலுக்கு மருந்து தராமல் போர்வை போர்த்துவதற்கு ஒப்பாகும். பழுது தீர்த்தல், நீர்க்கசிவு நிறுத்தல், ஓட்டை அடைத்தல் ஆகிய மூன்றும் முடிந்தபின் வாங்கும் பொருளே தன் விலைக்கேற்ற பலனைத் தரும்.