மாரானுக்கு ஸ்கூட்டரில்: புறப்படும் முன்பே தொடங்கும் பயணம்



பங்குனி உத்திரம் நெருங்குகிறது. ஒவ்வொரு கிளையிலும் இப்போதே பேச்சு ஆரம்பித்திருக்கும். "மாரானுக்கு யார் யார் வர்றீங்க? வேனா, பஸ்ஸா, மோட்டாரா?" வேனில் இடம் கிடைக்காதவர்களும், இடம் கிடைத்தாலும் மோட்டாரில்தான் போவேன் என்பவர்களும் கிளைக்கு நாலு பேராவது இருப்பார்கள். இந்த மாதப் பாடம் அவர்களுக்கு. அதிலும் குறிப்பாக, தினமும் காலேஜுக்கும் வேலைக்கும் ஓட்டுகிற 110, 125, 150 சிசி ஆட்டோ ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்புபவர்களுக்கு.

மாரான் மரத்தாண்டவர் ஆலயத்தின் கதையே ரோட்டோடு சேர்ந்த கதை. வெள்ளைக்காரன் காலத்தில் காட்டை வெட்டி ரோடு போட்டபோது, நம் தொழிலாளர்கள் ஒரு மரத்தை வெட்ட, அதிலிருந்து ரத்தம் கசிந்தது என்றும், மரத்தை விட்டுவிட்டு ரோட்டை விலக்கிப் போட்டார்கள் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். ரோடு போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த ரோட்டில் பத்திரமாகப் போய்வரத் தெரிந்திருக்க வேண்டும். இந்த நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இதை வீட்டில் அம்மா வாய் திறந்து சொல்ல மாட்டார். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று மட்டும் சொல்வார். அதற்கு அர்த்தம் இதுதான்.

கிள்ளானிலிருந்து மாரான் 200 கிலோமீட்டருக்கு மேல். வேலைக்குப் போய்வருகிற 15 கிலோமீட்டரில் தெரியாத கோளாறெல்லாம் இந்தத் தூரத்தில் வெளியே வரும். காரணம் எளிது. ஊருக்குள் வண்டி சூடாவதற்குள் சிக்னல் வந்துவிடுகிறது, இஞ்சின் மூச்சு வாங்கிக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் அந்த ஓய்வு இல்லை. எண்ணெய், பெல்ட், பிரேக், டயர் நாலும் ஒரே நேரத்தில் மணிக்கணக்கில் சூட்டில் வேலை செய்கின்றன.

முதல் விதி: சர்வீஸைப் புறப்படுவதற்கு முதல் நாள் செய்யாதீர்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் செய்யுங்கள். முதல் நாள் மாலை எல்லாரும் பட்டறைக்குப் போய் நிற்பார்கள், ஃபோர்மேன் அண்ணனும் பாவம், அவசரத்தில் கைவைப்பார். கழற்றி மாட்டிய எண்ணெய் போல்ட் சரியாக இறுகியதா, கசிகிறதா என்பது சில நாள் ஓட்டினால்தான் தெரியும். புது பிரேக் பேட் தட்டோடு பழகக் கொஞ்ச தூரம் வேண்டும். புது டயரும் அப்படியே. மேல்தோல் தேயும் வரை அது வழுக்கும், முதல் 100 கிலோமீட்டர் வளைவில் சாய்க்காமல் ஓட்ட வேண்டும். சர்வீஸ் முடிந்து ஒரு வாரம் வேலைக்கு ஓட்டிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 50, 60 கிலோமீட்டர் போய்வாருங்கள். வந்து நிறுத்தியதும் அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். சொட்டு விழுந்தால் அட்டை காட்டிக்கொடுக்கும்.

இனி வண்டிக்குள் போவோம். கப்சாய்க்குச் சங்கிலி. ஆட்டோ ஸ்கூட்டருக்குப் பெல்ட், நம் பட்டறைகளில் 'பெல்ட்டிங்' என்பார்கள். இஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோவது இந்த ரப்பர் பட்டைதான். மூடிக்குள் மறைந்திருப்பதால் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சங்கிலி தளர்ந்தால் சத்தம் போடும், பெல்ட் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருந்து ஒருநாள் அறுந்துபோகும். அறுந்தால் இஞ்சின் கத்தும், வண்டி நகராது. ரோட்டோரத்தில் நாமே சரி செய்ய முடியாத வேலை அது, லாரி வைத்து ஏற்ற வேண்டியதுதான்.

பல ஸ்கூட்டர்களில் ஏறக்குறைய 20,000 முதல் 25,000 கிலோமீட்டருக்குள் பெல்ட்டை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். ஓட்டியது 20,000-ஐ நெருங்கிவிட்டால், அல்லது வாங்கியது செகண்ட் ஹேண்ட் வண்டியாக இருந்து முந்தைய சொந்தக்காரர் எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால், மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட்டின் உள்பக்கப் பற்களுக்கு நடுவே வெடிப்பு தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். கூடவே ரோலரையும் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால், கிளம்பும்போது வண்டி உதறும், மேட்டில் இழுக்காது. கெந்திங் செம்பா ஏற்றத்தில் இது நன்றாகத் தெரியும்.

எண்ணெய் விஷயத்தில் நம் பையன்கள் செய்கிற ஒரு காரியம் உண்டு. அண்ணனுடைய கப்சாய்க்கு வாங்கிய எண்ணெயில் மிச்சத்தைத் தன் ஸ்கூட்டருக்கு ஊற்றுவது. டப்பாவின் பின்பக்கம் ஜாசோ என்ற குறி இருக்கும். எம்ஏ என்றால் கிளட்ச் எண்ணெயிலேயே ஊறிக்கிடக்கும் கப்சாய் போன்ற வண்டிகளுக்கு. எம்பி என்றால் ஆட்டோ ஸ்கூட்டருக்கு, அதன் கிளட்ச் எண்ணெயில் படாது. கப்சாய் எண்ணெயை ஸ்கூட்டருக்கு ஊற்றினால் உடனே ஒன்றும் கெட்டுவிடாது. எம்பி எண்ணெயைக் கப்சாய்க்கு ஊற்றினால்தான் கிளட்ச் வழுக்கும். கையேடு சொல்வதை ஊற்றுவது இரண்டுக்கும் நல்லது.

சின்ன ஸ்கூட்டரின் இஞ்சினில் மொத்தமே ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய்தான் இருக்கிறது. அதில் 200 மில்லி குறைந்தாலும் பெரிய குறைவு. வண்டியைச் சமதளத்தில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து அளவுக் குச்சியைப் பாருங்கள். பல வண்டிகளில் குச்சியைத் திருகாமல் சும்மா நுழைத்துத்தான் அளக்க வேண்டும். பின் சக்கரத்தின் கியர் எண்ணெய் தனி. நூற்றுச் சொச்சம் மில்லிதான், ஆனால் வருஷக்கணக்கில் யாரும் மாற்றாமல் விட்டுவிடுவார்கள். இதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். தண்ணீரால் குளிரும் இஞ்சினாக இருந்தால் கூலன்ட் டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நீர் நிற்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

டயரைப் பற்றிக் கொஞ்சம் கூடவே பேச வேண்டும். ஸ்கூட்டர் சக்கரம் சின்னது. கப்சாய் தாண்டிப் போகிற குழியில் ஸ்கூட்டர் சக்கரம் இறங்கி அடிவாங்கும். அதனால் டயரில் காற்றும் ரப்பரும் சரியாக இருப்பது இரட்டிப்பு முக்கியம். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பல சின்ன வண்டிகளுக்கு முன்னால் 200 கிலோபாஸ்கல், பின்னால் 225 (அதாவது 29, 33 பிஎஸ்ஐ). பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குக் கொஞ்சம் கூட வேண்டியிருக்கும். வண்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் சரியான எண் இருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சடித்திருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பள்ளம் நிறைய இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈர ரோட்டில் பிடிக்காது.

அழகுக்காக மாட்டும் ஒல்லி டயரைப் பற்றி என்ன சொல்வது? அதைப் போட்டுக்கொண்டு மாரான் போகிறவரை எங்கள் குழுவில் சேர்ப்பதில்லை. கோபப்பட்டாலும் பரவாயில்லை.

இப்போது இந்தப் பயணத்தில் உயிரோடு நேராகச் சம்பந்தப்பட்ட இடம்: பிரேக். கோம்பாக்கிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் ஏறி, கெந்திங் செம்பா சுரங்கத்தைத் தாண்டினால், பெந்தோங் பக்கம் நீண்ட இறக்கம். அங்கே பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகிறவர்களைப் பார்க்கலாம். அப்படி விடாமல் பிடித்தால் பேடும் தட்டும் சூடேறி, அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்குப் போகும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. பழசானால் அதில் தண்ணீர் கலந்திருக்கும், சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. நீங்கள் பிடிப்பது அந்தக் குமிழியைத்தான் அமுக்கும், பேடை அல்ல. கைப்பிடி பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறார்கள். மேலே உள்ள கண்ணாடி வழியாகப் பாருங்கள், தேநீர் நிறத்துக்குக் கறுத்திருந்தால் மாற்றும் நேரம். அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு வராதீர்கள். பேட் தேயத் தேய எண்ணெய் மட்டம் தானாக இறங்கும், முதலில் பேடைப் பார்க்க வேண்டும்.

இறங்கும் முறை இது. உச்சியிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து, வேகம் இறங்கியதும் முழுதாக விடுங்கள், மறுபடி பிடியுங்கள். விடுகிற நேரத்தில்தான் தட்டு ஆறுகிறது. ஆட்டோ ஸ்கூட்டரில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வேகம் மிகக் குறைந்தால் கிளட்ச் தானாக விடுபட்டுவிடும், இஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, சும்மா உருளும். அப்போது லேசாக எண்ணெய் கொடுத்தால் கிளட்ச் மறுபடி பிடித்துக்கொள்ளும். பிறகு கையை விட்டால் இஞ்சினும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். கைப்பிடி மெதுவாகிறது என்று தோன்றினால் ஓரமாக ஒதுங்கி அரை மணி ஆறவிடுங்கள். சூடான தட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும்.

கப்சாயிலிருந்து ஸ்கூட்டருக்கு மாறியவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பதற்றத்தில் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடும். இரண்டு வாரமாவது அந்த வண்டியையே ஓட்டிப் பழகாமல் மலை ரோட்டுக்கு வராதீர்கள்.

பேட்டரி: புது ஸ்கூட்டர் பலவற்றில் உதைத்து ஸ்டார்ட் செய்யும் வசதி இல்லை. பேட்டரி போனால் பயணமே போச்சு. பட்டறையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வண்டி சும்மா நிற்கும்போது 12.5 வோல்ட்டுக்குக் குறையாமலும், ஓடும்போது 14 பக்கமாகவும் இருக்க வேண்டும். முன் விளக்கு, பிரேக் விளக்கு, சிக்னல் மூன்றும் எரிகின்றனவா என்று பாருங்கள். பகலிலும் மோட்டார் விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல் நம் நாட்டுச் சட்டம். ரோட் டெக்ஸும் காப்புறுதியும் முடிந்துபோன வண்டியைக் கோயிலுக்கே என்றாலும் எடுக்காதீர்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்திருப்பவர்கள் திரும்ப மாட்டுங்கள், பின்னால் வருகிற எக்ஸ்பிரஸ் பஸ் அதில்தான் தெரியும்.

சாமான் கட்டுவதில் நமக்கே உரிய சிக்கல் இருக்கிறது. பால்குடம், மாலை, வேட்டி, சேலை. கழுத்தில் துண்டோ, இடுப்பில் வேட்டியோ பறக்கவிட்டு ஓட்டினால் பின் சக்கரம் அதை இழுத்துக்கொள்ளும். பின்னால் உட்காரும் தங்கைகளின் சேலை முந்தானையும் துப்பட்டாவும் இன்னும் ஆபத்து. கால்சட்டை, ஜாக்கெட், மூடிய சப்பாத்து போட்டு ஓட்டுங்கள். மாரானில் குளித்து வேட்டி கட்டிக்கொள்ளலாம். செருப்பில்லாமல் நடப்பது நேர்த்தி, செருப்பில்லாமல் ஓட்டுவது நேர்த்தியில் சேராது. பால்குடத்தை வேனில் வருகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். சீட்டுக்கு அடியில் வைக்கும் பொருள் இஞ்சின் சூட்டில் வேகும். பாலும் கற்பூரமும் பவர் பேங்கும் அங்கே வேண்டாம்.

விரதம். இதைச் சொல்லத் தயங்குகிறேன், ஆனாலும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை முடித்து, நாள் முழுக்கப் பாலும் பழமும் மட்டும் சாப்பிட்டு, இரவு பத்து மணிக்குக் கிளம்பி, விடிவதற்குள் கோயிலில் நிற்க வேண்டும் என்று திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் வயிறும் தூக்கமும் சேர்ந்தால் கண் ஒரு விநாடி மூடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி 22 மீட்டர் ஓடுகிறது. என் கருத்து, விரதம் இருப்பவர் பின்னால் உட்காரட்டும், அல்லது வேனில் வரட்டும். தானேதான் ஓட்ட வேண்டும் என்றால் முதல் நாள் பகலிலேயே போய்ச் சேர்ந்து, தூங்கி எழுந்து, அங்கே விரதத்தைத் தொடங்கலாம். கொண்டுபோக வேண்டிய பாலில் இதனால் ஒரு துளியும் குறையாது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானோர் இதையே சொல்வார்கள்.

பகலில் போவதற்கு இன்னொரு காரணம் மழை. மார்ச், ஏப்ரலில் பிற்பகலுக்கு மேல் இடியோடு கொட்டும். காலை 6.30-க்குக் கிளம்பினால், இடது ஓரமாக 80-ஐத் தாண்டாமல் ஓட்டி, மணிக்கு ஒரு தடவை நிறுத்தினாலும், மதியச் சாப்பாட்டுக்கு முன் மாரானில் இருக்கலாம். மழை பிடித்துக்கொண்டால் மோட்டார் ஒதுங்கும் கூரையிலோ ஓய்வுத் தளத்திலோ நில்லுங்கள். பாலத்துக்கு அடியில் அவசரப் பாதையில் வரிசையாக நிற்பது வேண்டாம், லாரிக்காரருக்கு மழையில் உங்களைத் தெரியாது. ஸ்கூட்டர் டாங்கியில் 5, 6 லிட்டர்தான் பிடிக்கும். பாதியானதுமே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கூட எடுத்துக்கொள்ள வேண்டியது அதிகமில்லை. டியூப் இல்லாத டயருக்கான பஞ்சர் ஒட்டும் செட்டும் சின்னக் காற்று பம்பும் அவசியம். பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் பல ஸ்கூட்டர்களில் புகைக்குழாயையே கழற்ற வேண்டும், அதனால் கழற்றாமல் ஒட்டத் தெரிந்திருப்பது பெரிய உதவி. மழைக்கோட்டு, டார்ச், தண்ணீர், வீட்டு நம்பர் எழுதிய தாள் ஒன்று. கைப்பேசி அடிபட்டால் தாள்தான் பேசும்.

கிளம்பும் காலையில் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்பீர்கள், வையுங்கள். குனிந்து வைக்கும்போதே டயரைச் சுற்றி ஒரு தடவை கையை ஓட்டிப் பாருங்கள், ஆணி குத்தியிருந்தால் கையில் படும்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஸ்கூட்டரில் வாருங்கள். உங்கள் டயரின் நான்கு இலக்க எண்ணையும், பெல்ட் எத்தனை கிலோமீட்டரில் மாற்றியது என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். வாசலில் நிறுத்தி, ஒவ்வொரு வண்டியாகச் சேர்ந்து பார்ப்போம்.