கோட்டும் கோடும்

“கோட்டைக் காட்டு” என்று ஒருவர் கூறினால், கேட்போர் எதனைக் காட்டுவர்? தையற்காரர் சட்டையின்மேல் அணியும் கோட்டினை எடுத்துக் காட்டுவார். தொழிற்கூடத்துப் பணியாளர் தரையில் வரைந்த மஞ்சட் கோட்டினைச் சுட்டுவார். வழக்காட வந்தவர் நீதிமன்றம் இருக்கும் திசையைக் காட்டினும் வியப்பில்லை; ‘கோர்ட்டு’ என்பது பலர் பேச்சில் ரகர ஒற்று இழந்து ‘கோட்டு’ என்றே ஒலிக்கின்றது. இராயக்கோட்டைச் சிறுவனோ, தன் ஊர் மலைமேல் நிற்கும் பழைய அரணை நோக்கி விரலை நீட்டுவான்.

இந்நால்வரையும் ஒருங்கே காணத்தக்க இடம், தமிழகத்தின் வடமேற்கு எல்லையிலுள்ள ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியாகும். ஓசூர், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் கருநாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர். மார்கழித் திங்களில் அங்குக் காலைப்பொழுதில் வேலைக்குச் செல்வோர் கம்பளியோ கோட்டோ இன்றிப் புறப்படுதல் அரிது. 1970-க்குப் பின்னர் அவ்வூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980-இல் அசோக் லேலண்டு நிறுவனத்தின் உந்துவண்டித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. கடிகாரம், இருசக்கர வண்டி முதலியன செய்யும் ஆலைகளும் தோன்றின. தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளும் அத்தெருக்களில் கலந்து ஒலிக்கின்றன. அவற்றிடையே ஆங்கிலச் சொற்களும் தடையின்றி உலவுகின்றன.

அவற்றுள் ஒன்றே கோட்டு என்பது. ஆங்கிலேயர் இச்சொல்லைப் பழைய பிரெஞ்சு மொழியினின்றும் பெற்றனர். பிராங்கியர் என்னும் செருமானிய இனத்தார் முரட்டுக் கம்பளித் துணியைக் குறிக்க வழங்கிய சொல்லே அதற்கு மூலம் என்பது அறிஞர் துணிபு. எனவே, அது முதலில் துணியின் பெயராய் இருந்து, பின்னர் அத்துணியால் தைத்த மேலாடையின் பெயராயிற்று. உடலை மூடுவது கோட்டு எனவே, விலங்கின் உடலை மூடிய மயிரையும் ஆங்கிலேயர் அப்பெயரால் வழங்கினர். மரத்தையும் இரும்பையும் மூடும் வண்ணப் பூச்சுக்கும் அப்பெயரையே இட்டனர். வண்டித் தொழிற்சாலையில் இரும்புத் தகட்டைக் கழுவித் துருப் பிடியாதபடி முதற்பூச்சு ஏற்றுவர். அதனைச் சூட்டறையில் உலர்த்திய பின்னரே நிறப்பூச்சு ஏற்றுவர். ஒவ்வொரு பூச்சும் அங்கே ஒரு கோட்டு. “இரண்டு கோட்டு அடித்தாயிற்று” என்று வண்ணம் பூசுவோர் கூறுவது இதுவே. பெண்டிர் அணியும் ‘பெட்டிகோட்டு’ என்பதிலும் இச்சொல்லே உள்ளது. அதன் முற்பகுதிக்கும் நாம் துணி வைக்கும் பெட்டிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சிறிய என்னும் பொருளுடைய ‘பெட்டி’ என்ற ஆங்கிலச் சொல் அது. மேலைநாட்டில் ஆடவர் மேலங்கிக்குள் அணிந்த சிறு கோட்டுக்கே முதலில் இப்பெயர் வழங்கியது என்றால் இன்று எவரும் நகைப்பர்.

இனித் தமிழ்க் கோட்டினை நோக்குவோம். கோடு என்பது வளைதற் பொருளுடைய சொல். வளைந்த யானைத் தந்தம் கோடு. விலங்கின் கொம்பு கோடு. மரத்தின் கிளை கோடு. மலையின் முடி கோடு. ஏரியின் கரையும் கோடே. நேராக வரையும் வரைக்கும் பின்னாளில் அதுவே பெயராயிற்று. திருச்செங்கோடு என்னும் ஊர்ப்பெயரில் நிற்பது மலைமுடி. மரக்கிளையிற் பூப்பது கோட்டுப்பூ. இங்குக் கோடு என்பது கோட்டு என்று ஆனது எவ்வாறு? நெடிலின் பின் ‘டு’, ‘று’ என்னும் எழுத்துகளை இறுதியாகக் கொண்ட குற்றியலுகரச் சொற்கள், வேற்றுமைப் புணர்ச்சியில் அவ்வல்லெழுத்து இரட்டித்து வரும். வீடு வீட்டு என்றும், காடு காட்டு என்றும், ஆறு ஆற்று என்றும் ஆதல் போலக் கோடு கோட்டு என்றாயிற்று.

ஆங்கிலச் சொல் கோட்டு ஆனது இவ்வழியால் அன்று. தமிழில் வல்லின மெய் சொல்லின் இறுதியில் நில்லாது. ஆதலின், ‘கோட்’ என்பதன் இறுதியில் உகரம் ஒன்று துணையாய் வந்து சேர்ந்தது, ஒற்றும் இரட்டித்தது. பெல்ட்டு, நோட்டு, சீட்டு என்பனவும் அவ்வாறு அமைந்தனவே. இங்ஙனம், வெவ்வேறு வழியில் வந்த இருவர் ஒரே சத்திரத்தில் தங்கினாற்போல, இரு சொற்களும் ஒரே வடிவில் வந்து நின்றன.

கோட்டை என்பதும் இவ்வாறே மயக்கம் தரும். கோடு என்பதனோடு ஐயுருபு சேரினும் கோட்டை. கோட்டு என்பதனோடு சேரினும் கோட்டை. அரணின் பெயரும் கோட்டை. ஆயினும், இலக்கணம் அறிந்து எழுதுவார்க்கு இடர் இல்லை. “கோட்டைக் காட்டினான்” என்று ககர ஒற்று மிக்கு வரின், ஐயுருபு விரிந்து நிற்கின்றது. காட்டப்பெற்றது வரையோ மேலாடையோ ஆகும். “கோட்டை காட்டினான்” என்று ஒற்று மிகாது வரின், உருபு தொக்கு நிற்கின்றது, காட்டப்பெற்றது அரண். ஒரு புள்ளி பெற்ற எழுத்து, மலைமேல் நிற்கும் மதிலையும் தோள்மேல் கிடக்கும் துணியையும் வேறு பிரித்து விடுகின்றது! சந்தி எழுத்தைச் சுமையென எண்ணுவோர் இதனைச் சிறிது நினைத்துப் பார்த்தல் நன்று. 1791-ஆம் ஆண்டு, மூன்றாம் மைசூர்ப் போரில், செந்நிறக் கோட்டு அணிந்த வெள்ளைப் படைவீரரைக் கொண்ட கும்பினிப் படை இராயக்கோட்டையைக் கைப்பற்றியது. அவ்வரலாற்றை எழுதப் புகுவார், ஓர் ஒற்றைத் தவறவிடின் பொருள் என்னாகும்!

வடிவம் ஒத்தமை கண்டு, “வளைந்து உடலைச் சூழ்வதால் கோட்டு எனப்பட்டது, ஆங்கிலச் சொல்லும் தமிழே” என்று உரைப்பாரும் உளர். மொழிப்பற்றின் மிகுதியால் எழும் இக்கூற்று, ஆராய்ச்சியின் முன் நில்லாது. ஆங்கிலத்திலேயே ஒலியாலும் எழுத்தாலும் கோட் என்பதனை நெருங்கி நிற்கும் சொற்கள் தம்முள் உறவற்றவை. நீதிமன்றத்தைக் குறிக்கும் கோர்ட், சுற்றடைப்புள்ள முற்றத்தைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பருத்தியைக் குறிக்கும் காட்டன், அரபுமொழி தந்த சொல். சிறுகுடிலைக் குறிக்கும் காட்டேஜ் என்பதன் முற்பகுதி, பழைய ஆங்கிலச் சொல். படுக்கையைக் குறிக்கும் காட் என்பதோ இந்திய நாட்டினின்றும் சென்றது. அஃது இந்தியில் வழங்கும் ‘காட்’ என்னும் சொல்லின் வழியாக ஆங்கிலம் புகுந்தது. அதற்கும் மூலமான வடசொல், நம் கட்டில் என்னும் சொல்லோடு உறவுடைய திராவிடச் சொல்லினின்றும் பிறந்தது என அறிஞர் பலர் கருதுவர். கோட்டில் தமிழைத் தேடினார்க்குக் கிடைத்தது இல்லை. தேடாத கட்டிலில் அது கிடந்தது.

அவ்வாறாயின், உண்மையான உறவை அறிவது எங்ஙனம்? ஒரு சொல்லன்று, பல சொற்கள் ஒரே ஒழுங்கில் ஒத்து வருதல் வேண்டும். ஓசூர்ப் பகுதி மாணவர்க்கு இதற்குச் சான்று தெருவிலேயே உண்டு. தமிழில் பால், பல், பத்து, புலி என்பன, கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹுலி என்றாகின்றன. தமிழில் நெடிலின்பின் இரட்டித்து நிற்கும் டகரம், கன்னடத்தில் வல்லோசை மாறாது ஒற்றையாய் நிற்கும். நம் தோட்டம், ஆட்டம், ஓட்டம், கூட்டம் என்பனவற்றுக்கு நேரான கன்னடச் சொற்களை ஒலித்துப் பார்த்தால் இது விளங்கும். கோட்டை என்பதற்கு நேரான கன்னடச் சொல்லும் இந்நெறியையே பின்பற்றுகின்றது. தலை, மழை, மனை முதலியவற்றின் ஈற்று ஐகாரம் அங்கு எகரமாதல் போல, அதன் ஈறும் எகரமாகின்றது. ஆகவே, அரணின் பெயர் இருமொழிக்கும் உரிய உறவுச்சொல். மேலாடையின் பெயரோ இருமொழியும் அயலாரிடம் வாங்கியது. ஓசூர் என்னும் பெயரே இதற்கு மற்றொரு சான்று. புது என்பதற்கு இனமான சொல், பழங்கன்னடத்தில் ‘பொஸ’ என்றும், பின்னர் ‘ஹொஸ’ என்றும் வழங்கிற்று. ஹொஸூரு என்பது நம் புதூரே.

இவ்வொழுங்கைக் கொண்டே தென்மொழிகள் ஓரினம் என்பது நிறுவப்பட்டது. சென்னைப் புனித சார்ச்சுக் கோட்டைக் கல்லூரியோடு தொடர்புடைய எல்லிஸ், 1816-இல் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்களை ஒப்பிட்டுக் காட்டினார். கால்டுவெல் 1856-இல் தம் ஒப்பிலக்கணத்தால் அதனை விரிவுற நிலைநாட்டினார்.

கோட்டுக்குத் தமிழில் பெயர் இல்லையோ எனின், உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, பாசறையில் காவல் புரிந்த யவனர், உடலை மூடும் தைத்த சட்டை அணிந்திருந்த தோற்றத்தைக் கூறுகின்றது. கடல்கடந்து வந்தாரின் அவ்வுடையைக் கண்ட புலவர், அவர் மொழியில் அதற்கு வழங்கிய பெயரை வாங்கவில்லை. மெய்யை உள்ளே இட்டு மூடும் பை அது. அதற்கு அவர் இட்ட பெயர் மெய்ப்பை.